பீரோவின் பூர்வீகம்

சொல் வழிப் பயணம் – அத்தியாயம் 11

சென்ற வாரம் அலமாரியை லிஸ்பனிலிருந்து கப்பலேற்றி, கோவா, கொச்சி, சாந்தோம் என்று ஒவ்வொரு துறையாக இறக்கி, கடைசியில் திருவண்ணாமலை மாவட்டத்து தேசூரில் ஒரு நெசவாளி வீட்டுச் சுவரோடு சேர்த்து நிறுத்தினோம். போர்த்துகீசியரின் 'அர்மாரியோ' நம்மிடம் அலமாரி ஆயிற்று. இந்திக்காரருக்கு அல்மாரி, சிங்களருக்கு அல்மாரிய, மலாய்க்காரருக்கு அல்மாரி, இந்தோனேசியருக்கு லெமாரி. அந்த அலமாரிக்குள் எட்டிப் பார்க்காமல் 'தொடரும்' போட்டுவிட்டேன் என்று வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

பார்த்துவிடலாம். தேங்காயெண்ணெய் பாட்டில், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பழைய நோட்டுகள், கரண்ட் பில், ஒரு தட்டு முழுக்கச் சாமி படங்கள். கதவில்லாத சுவர் அலமாரி. பக்கத்திலேயே குழித்தறி, அதில் பாதி நெய்த பட்டுப்புடவை. அலமாரியில் புடவை ஒன்றுகூட இல்லை.

நெய்து முடிக்கும் புடவைகள் இந்த வீட்டில் தங்குவதில்லை. கூலிக்கு நெய்பவர் வீட்டிலிருந்து அவை முதலாளியிடம் போய், ஆரணிப் பட்டு என்ற பெயரில் ஏதோ ஒரு நகரத்துக் கடையில் விரிந்து கிடக்கும். ஆனால் எந்த நெசவாளி வீட்டிலும் ஒரு புடவையாவது இருக்கும், அந்த வீட்டு அம்மாவின் கல்யாணப் புடவை. அது எங்கே என்று கேட்டுப் பாருங்கள். உள்ளறையைக் காட்டி, "பீரோல இருக்குது" என்பார்.

இரும்பு உடம்பு, ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி, உள்ளே பூட்டுப் போட்ட சின்ன அறை, அந்துருண்டை வாசம். பெண்ணுக்குக் கட்டிலும் பீரோவும் கொடுத்தோமா இல்லையா என்பதை வைத்து ஒரு தலைமுறையே சீர்வரிசையை அளந்தது. ஜன்னலோரம் நிற்கும் இந்தப் பெட்டகத்தை வெளியிலிருந்தே கை விட்டு இழுத்து நகையை அள்ளுகிறவர்களுக்குப் போலீஸ்காரர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: 'பீரோ புல்லிங்' கும்பல். பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள்.

அலமாரி ஆசியா முழுவதையும் வளைத்துப் போட்ட சொல். யாழ்ப்பாணத்துத் தமிழர்கூட இந்த இரும்புப் பெட்டகத்தை 'அலுமாரி' என்றுதான் சொல்வார். மலையாளிக்கு அது அலமார. அப்படியிருக்க, தமிழ்நாட்டில் அதைச் சுவரோடு ஒதுக்கி உட்கார வைத்துவிட்டு, வீட்டின் விலையுயர்ந்த பொருளுக்குக் காவலாக வந்து நின்ற இந்தப் பீரோ யார்? எந்த ஊர்?

*

முதல் சந்தேகம் பம்பாய் மேல்.

1897-இல் அங்கே பூட்டுத் தயாரிக்கத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம், 1923-இல் இரும்பு அலமாரி செய்ய ஆரம்பித்தது. பின்னாளில் 'கோத்ரெஜ் பீரோ' என்பது ஒரே சொல் மாதிரி ஒட்டிக்கொண்டது. எந்தக் கம்பெனி செய்தாலும் அது கோத்ரெஜ் பீரோதான். நிறுவனத்தைத் தொடங்கிய அர்தேஷீரோடு சேர்ந்து அதை வளர்த்த தம்பியின் பெயர் என்ன தெரியுமா? பீரோஜ்ஷா.

பீரோஜ்ஷா செய்தது பீரோ! இதைவிட அழகான விளக்கம் கிடைக்குமா?

கிடைக்காது. அழகாக இருப்பதுதான் இதன் கோளாறு. பழைய வக்கீல் வீடுகளில் கண்ணாடிக் கதவு போட்ட தேக்குப் பீரோவில் சட்டப் புத்தகங்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மரத்துக்கு அந்தப் பெயர் வந்த பிறகுதான் இரும்பு அதை வாங்கிக்கொண்டது. தவிர, பீரோஜ்ஷாவின் சொந்தப் பம்பாயில் அந்தப் பொருளை யாரும் பீரோ என்பதில்லை. அங்கே அல்மாரி, கபாட். பீரோ என்று சொல்வது நாம். பீருவா என்று சொல்வது தெலுங்கர். பீரு என்று சொல்வது கன்னடர். ஆக, சொல்லின் வழித்தடம் பழைய சென்னை மாகாணத்துக்குள்ளேதான் எங்கோ இருக்கிறது.

அப்படியானால் இரண்டாவது சந்தேகம் வலுவானது. அதற்கு நாம் தேசூரை விட்டு வெகுதூரம் போகவே வேண்டாம்.

*

வந்தவாசி. தேசூர் இருப்பதே அந்த வட்டத்தில்தான்.

1760 ஜனவரி 22. கோட்டைக்கு வெளியே இரண்டு வெள்ளைக்காரப் படைகள் எதிரெதிரே நிற்கின்றன. பிரெஞ்சுப் பக்கம் தளபதி லாலி. ஆங்கிலேயர் பக்கம் அயர் கூட். லாலி ஐரிஷ் வம்சம். கூட் பிறந்ததே அயர்லாந்தில். தமிழ்நாட்டு மண் யாருக்கு என்பதைத் தீர்மானிக்க இரண்டு அயர்லாந்து ரத்தங்கள் வந்தவாசிப் பொட்டலில் மோதிக்கொண்டன என்பது எனக்கு எப்போதுமே வேடிக்கையாகப் படும். சண்டையின் நடுவே ஆங்கிலேயர் சுட்ட குண்டு ஒன்று பிரெஞ்சுக்காரரின் வெடிமருந்து வண்டியில் விழுந்தது. இடப்பக்க அணி சிதறியது. அன்று மாலைக்குள் பிரெஞ்சுப் படைத்தலைவர் புஸ்ஸி கைதி. அடுத்த ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. லாலி 1766-இல் பாரிஸில் தலை வெட்டப்பட்டுச் செத்தார். எதிரி வெட்டவில்லை, சொந்த அரசாங்கமே வெட்டியது.

இந்தப் பக்கம் செஞ்சிக் கோட்டை. 1750-இல் புஸ்ஸி அதைப் பிடித்ததிலிருந்து 1761 வரை அங்கே பிரெஞ்சுக் கொடி. அந்தப் பத்து வருடமும் வந்தவாசி, தேசூர், செஞ்சிப் பக்கத்துச் சாலைகளில் பிரெஞ்சுச் சிப்பாய்களும், அவர்களுக்கு மாடும் அரிசியும் ஏற்பாடு செய்யும் துபாஷிகளும் நடமாடாத நாள் இருந்திருக்காது. துபாஷி என்றதும் ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வருகிறார். 1736-இலிருந்து நாட்குறிப்பு எழுதி, புதுச்சேரி விழுவதற்குச் சில நாள் முன்பு கண்ணை மூடியவர்.

பீரோ பிரெஞ்சுச் சொல் என்பதில் சந்தேகமே இல்லை. அதிகாரிகள் வந்தார்கள், சாமான்கள் வந்தன, தோற்றுப் போனவர்கள் சாமான்களை விட்டுவிட்டுப் போனார்கள், ஊர்க்காரர் பொருளோடு பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கு முடிந்துவிட்டதா?

முடியவில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்கும் பிரெஞ்சுக்காரன் ஒரே ஒரு சொல்லைச் சொல்லித் தப்பித்துவிடுகிறான்.

துணிமணி வைக்கும் கதவு போட்ட பெட்டகத்துக்குப் பிரெஞ்சில் என்ன பெயர்? 'அர்முவார்'. லத்தீனின் 'அர்மாரியும்' பெற்ற பிள்ளைகளில் அது ஒன்று, போர்த்துகீசிய அர்மாரியோ இன்னொன்று. அதாவது நம் அலமாரிக்கு அர்முவார் உடன்பிறப்பு. பிரெஞ்சுக்காரன் பீரோ என்றால் எழுதும் மேசை. அல்லது அலுவலகம். அன்றும் அதுதான், இன்றும் அதுதான். பீரோவுக்குள் புடவை இருக்கிறது என்று பாரிஸில் சொன்னால், ஆபீஸில் எதற்குப் புடவை என்று கேட்பார்கள். புதுச்சேரியிலிருந்து நேராக வந்திருந்தால் தேசூர் அம்மாவின் பட்டுப்புடவை இன்று 'அர்முவா'வில் இருந்திருக்க வேண்டும்.

பிரெஞ்சுச் சொல்தான். ஆனால் பிரெஞ்சுக்காரன் கொண்டுவரவில்லை. மேசையைப் பெட்டகமாக்கியவன் வேறொருவன்.

*

வந்தவாசியில் ஜெயித்தவனைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆங்கிலேயர் பிரான்சிலிருந்து இந்தச் சொல்லை வாங்கியபோது அறைகலனுக்கான பெயராகத்தான் வாங்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சீமான் வீட்டுப் பீரோ கொஞ்சம் விசித்திரமான பொருள். கீழே மூன்று நான்கு இழுப்பறைகள். நடுவே சாய்வாக ஒரு பலகை. அதைக் கவிழ்த்தால் எழுதும் மேசை, நிமிர்த்திப் பூட்டினால் கடிதமும் காசும் பத்திரம். வசதி உள்ளவர்கள் அதன் தலைமேல் இரட்டைக் கதவு வைத்த இன்னொரு பெட்டகத்தை ஏற்றினார்கள். மேசை, இழுப்பறை, பெட்டகம் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஆளைவிட உயரமாக நிற்கும்.

சீமையிலிருந்து இதைக் கப்பலில் கொண்டுவருவது வீண் செலவு. கடற்காற்றும் கரையானும் இரண்டே வருடத்தில் கணக்கு முடித்துவிடும். நல்ல மரமும் நல்ல கையும் கோரமண்டல் கரையிலேயே இருந்தன, விசாகப்பட்டினத்தில். கம்பெனியின் பண்டகசாலை இருந்த அந்தத் துறைமுகத்தில் தச்சர்கள் 18-ஆம் நூற்றாண்டு முழுக்க ஆங்கிலேயருக்காக நூக்க மரத்திலும் கருங்காலியிலும் பீரோ செய்தார்கள். மரத்தில் யானைத் தந்தத்தைப் பதித்து, தந்தத்தில் கொடியும் பூவும் கீறி, கீறலில் கறுப்பு அரக்கை நிரப்பினார்கள். வடிவம் லண்டனுடையது, பூ வேலை நம் கலம்காரித் துணியின் உறவு. விசாகப்பட்டினத்துப் பீரோக்கள் இன்று சீமை அருங்காட்சியகங்களில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்கின்றன. ஏலத்துக்கு வந்தால் விலை கேட்டு மயங்கிவிடுவோம்.

பீருவா என்று தெலுங்கர் சொல்வதற்கும் விசாகப்பட்டினத்துப் பட்டறைகளுக்கும் முடிச்சுப் போடுவது என் ஊகம். ஆனால் நம்பி முடிச்சுப் போடலாம் என்றே நினைக்கிறேன். ஒரு சொல் மொழி மாற வேண்டுமென்றால், அந்தப் பொருளைத் தொடுகிற கை மாற வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு மேசையைத் துடைத்த கைகள் இருந்தன. விசாகப்பட்டினத்தில் பீரோவைச் செய்த கைகளே இருந்தன.

சரி, மூன்றடுக்குப் பொருளில் மேசை எங்கே போயிற்று? அதற்குப் பதில் நம் கணக்குப்பிள்ளையிடம் இருக்கிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவர் அல்ல. பாயில் சம்மணமிட்டு, சாய்வான மூடி போட்ட கணக்குப் பெட்டியைத் தொடையருகே வைத்துக்கொண்டு எழுதியவர். கவிழ்க்கும் மேசை அவருக்கு எதற்கு? அந்த ஆளுயரப் பொருளில் அவருக்கு வேண்டியிருந்தது கதவும் பூட்டும்தான். தச்சன் வேண்டாததைக் கழித்தான். இழுப்பறை ஒன்றாகச் சுருங்கி உள்ளே போயிற்று, மேசை மறைந்தது, கதவு தரைவரை இறங்கியது. எழுதும் மேசைக்கான பெயர், எழுதவே முடியாத ஒரு பெட்டகத்தின் மேல் தங்கிவிட்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்த வாரம் தேசூருக்கே நான் வந்திருக்க மாட்டேன். வேறு எந்த ஊர் பீரோவை வைத்தும் இதைச் சொல்லியிருக்கலாம். நெசவு ஊருக்கு வந்ததற்குக் காரணம், மேசைக்கு முன்னால் பீரோ என்னவாக இருந்தது என்பது.

*

துணியாக இருந்தது.

700, 800 வருடத்துக்கு முந்தைய பிரான்சில் 'புரேல்' என்று ஒரு முரட்டுக் கம்பளி. பழுப்பு நிறம், சொரசொரப்பு, ஏழைகள் உடுத்துவது. அதன் தாய்ச்சொல் 'பூர்' இன்றும் பிரெஞ்சில் உயிரோடு இருக்கிறது. துறவிகள் அணியும் பழுப்பு அங்கியின் துணிக்கு அதுதான் பெயர். இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'புர்ரா', சிக்கலான மயிர்க் கம்பளிக் கற்றை. அதே வேரில் இன்னொரு கிளை விட்டு 'புரெத்' என்ற துணியும் வந்தது. அது எது தெரியுமா? பட்டுக் கழிவை நூற்று நெய்கிற துணி. இந்தச் சொல்லின் குடும்பத்தில் பட்டும் இருக்கிறது.

கணக்கு எழுதுபவர்களும் காசு எண்ணுபவர்களும் மேசை மேல் இந்தப் புரேலை விரித்தார்கள். விரிப்பின் பெயர் மேசைக்கு ஏறியது. மேசையின் பெயர் அது கிடந்த அறைக்கு ஏறியது. அறையின் பெயர் அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரிகளுக்கு ஏறியது. மேசை விரிப்பு அரசாங்கமாகிற இந்த வித்தையில் ஆங்கிலேயரும் சளைத்தவர்கள் இல்லை. அவர்கள் நிதித்துறைக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்ததும், 12-ஆம் நூற்றாண்டில் வரிக்கணக்குப் பார்க்க மேசை மேல் விரித்த கட்டம் போட்ட துணியால்தான். தறி ஓட்டுகிறவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இனி வருவது அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. 14-ஆம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் காலத்தில், 1666-இல், பிரான்சின் துணிகளுக்குச் சட்டம் போட்டார்கள். திஜோன் பகுதித் துணியின் பாவில் கரையையும் சேர்த்து 1,408 இழை இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பக்கத்து ஊருக்கு வேறு எண்ணிக்கை, அதற்கடுத்த ஊருக்கு வேறு. ஊர் ஊராக இன்ஸ்பெக்டர்கள் போய் இழை எண்ணினார்கள். பாவு ஓட்டத் தெரிந்தவர் யாரும் இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்த பிறகு, 1985-ஆம் வருடத்து நம் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது நெசவாளியைக் காக்க வந்த சட்டம், அந்த வித்தியாசம் பெரியது. என்றாலும் அதிலும் இழையை உற்றுப் பார்க்கும் அதிகாரி உண்டு.

ஒரு நூற்றாண்டு கழித்துப் பிரான்சில் ஒருவருக்குப் பொறுமை போயிற்று. வின்சென்ட் தெ கூர்னே. வியாபாரியாக இருந்து 1751-இல் வணிகத்துறை உயர் அதிகாரி ஆனவர். நெசவாளியை நெய்ய விடாமல் விதிப்புத்தகத்தைக் காட்டி அபராதம் போடும் மேசைக்காரர் கூட்டத்தைப் பார்த்து, இது நாட்டைப் பிடித்திருக்கும் ஒரு நோய் என்று கிண்டலடித்தார். மன்னராட்சி, மக்களாட்சி என்பதுபோல இதையும் ஓர் ஆட்சிமுறையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பெயர் கட்டினார். மேசையாட்சி. 'பீரோக்ராசி'. இன்று உலகம் முழுவதும் திட்டுவதற்குப் பயன்படும் அந்தச் சொல், துணிக்கட்டுப்பாட்டை எதிர்த்த ஒரு மனிதரின் வாயில் பிறந்தது. அதற்குள் உட்கார்ந்திருப்பதே ஒரு துணி என்பதை அவர் நினைத்துப் பார்த்தாரோ இல்லையோ, கூர்னே 1759 ஜூனில் இறந்தார். ஏழு மாதத்துக்குள் அவருடைய நாட்டுப் படை வந்தவாசியில் தோற்றது.

*

அதன் பிறகு பீரோ போன வேகத்தைச் சொல்லி மாளாது. பெரும்பாலான ஊர்களில் அது ஆபீஸாகவே போயிற்று. ஜெர்மனியில் ஆபீஸ், போலந்தில் ஆபீஸ். போலந்துக்காரர் மட்டும் அதற்கு வால் சேர்த்து 'பியூர்க்கோ' என்று மேசைக்கும் பெயர் வைத்துக்கொண்டார். ரஷ்யாவில் கம்யூனிஸ்ட் கட்சியின் உச்சிக்கே ஏறியது. தமிழ்ப் பத்திரிகையில் 'பொலிட்பீரோ கூட்டம்' என்று படித்தபோது, சின்ன வயதில் கம்யூனிஸ்டுகள் ஏன் பீரோவுக்குள் கூடுகிறார்கள் என்று யோசித்தவன் நான் ஒருவன் மட்டும் இருக்க மாட்டேன். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் 'பிரோ' என்றால் அலுவலகப் பிரிவு. கோலாலம்பூரில் ஒரு பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்து மரச்சாமான் கடை என்று உள்ளே நுழைந்துவிடாதீர்கள். அங்கே பீரோவுக்கு அல்மாரி என்று பெயர்.

நம்மைப் போல வீட்டுக்குள் அழைத்துக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அமெரிக்கர்களுக்கு அது துணி வைக்கும் இழுப்பறை அடுக்கு. மெக்சிகோவில் 'புரோ', கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு வைக்கிற குட்டி மேசை. ஸ்வீடனில் துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டி. அவர்கள் அதை உச்சரிக்கும்போது நம் காதில் கிட்டத்தட்ட பீரோ என்றே விழும். அவர்களிடமிருந்து வாங்கிய பின்லாந்துக்காரர் அதை 'பீரோங்கி' ஆக்கிவிட்டார். பனி பெய்யும் ஊரில் ஒரு பாட்டி தன் கம்பளிச் சட்டையை பீரோங்கியில் மடித்து வைக்கிறாள். நம் சொல்லும் அவள் சொல்லும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று அவளிடம் சொல்ல யாருமில்லை.

ஆனாலும் இரும்பில் செய்து, கண்ணாடி வைத்து, கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது நாம்தான்.

சாவி என்றேனா?

அங்கேதான் அடுத்த வில்லங்கம். சாவியும் நம் சொல் இல்லை. போர்த்துகீசியரின் 'ஷாவ்'. திறவுகோல் என்று அருமையான சொல் நம்மிடம் இருந்தும், வீட்டுக்கு வீடு பூட்டும் கதவும் இருந்தும், கடலோடு வந்த சொல் அதை எப்படி வெளியே தள்ளியது? பீரோவுக்காவது பொருள் புதிது என்று சமாதானம் சொல்லலாம். சாவிக்கு அதுவும் கிடையாது.

இதைத் துப்புத் துலக்க ஒரு சாட்சி இருக்கிறது. 1679-இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதி. தொகுத்தவர் அந்தாம் தெ ப்ரோயென்சா என்ற சேசுசபைப் பாதிரியார். அச்சான புத்தகத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை. 13 வருடம் முன்பே இறந்துவிட்டார். புத்தகமும் அவரைப் போலவே மறைந்தது. பிரதி ஒன்றுகூட இல்லை என்று எல்லோரும் கைவிட்டிருந்த நிலையில், 275 வருடம் கழித்து, 1954-இல், ரோமில் வாத்திகன் நூலகத்தில் ஈழத்துத் தமிழ்ப் பாதிரியார் ஒருவர் ஒரு பழைய புத்தகத்தைப் பிரித்தார்.

தனிநாயகம் அடிகள்.

(தொடரும்)